நிறுவியபின் யார் பொறுப்பு?

கல்முனை முதல் பொத்துவில் வரை நீண்டு கிடக்கும் எமது கரையோர ஊர்களிலே அமைதியான மாற்றமொன்று நிகழ்ந்து வருகிறது. தடித்த அட்டையிட்ட இடாப்புகளும் நாடா கட்டிய கோப்புகளும் மெல்ல மெல்ல அலுமாரியை விட்டு இறங்குகின்றன. மாணவரின் புள்ளிகள், நோயாளரின் விபரங்கள், சபைகளின் வரிக் கணக்கு, கூட்டுறவுச் சங்கத்தின் பற்று வரவு, பள்ளிவாசல் ஜமாஅத்தின் குடும்பப் பதிவு ஆகிய யாவும் கணினிக்குட் புகுகின்றன. இம்மாற்றத்தை நாம் மனமார வரவேற்கிறோம். இயந்திரத்தைக் கண்டு அஞ்சிப் பழைய காலத்துக்கு ஏங்கும் மனோபாவம் எமக்கு உடன்பாடானதன்று. எமது கேள்வி வேறு. இத்தனையையும் உள்வாங்கிக் கொள்ளும் சேவையகக் கணினியை யார் காக்கிறார்? எவ்வாறு காக்கிறார்? அது ஒருநாள் கையை விரித்துவிட்டால் எமக்கு எஞ்சுவது என்ன?

கந்தோர்களிலே இக்கேள்வியை எழுப்பினால் வழக்கமாகக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: "அதற்கென்று மென்பொருள் நிறுவியாகிவிட்டது." இந்த ஒற்றை வாக்கியத்தின் பின்னே மறைந்திருக்கும் பொறுப்பின்மையை அம்பலப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடதாசி ஒன்று இல்லாமற் போவதன் பொருள் என்னவென்பதை இக்கரையோர மக்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் ஊருக்குட் புகுந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இதுவே. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் உயிர் தப்பியோர் பலர், வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காணி உறுதியையும் இழந்து, தாம் யார் என்பதையே மீண்டும் நிரூபிக்க வேண்டியவராயினர். காணிப் பிணக்கும் இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. வரம்பு எங்கே கிடக்கிறது என்பதிலும் பார்க்க, அனுமதிப்பத்திரத்தின் இலக்கம் எந்தப் பதிவேட்டிலே இருக்கிறது என்பதுதான் பல வழக்குகளின் போக்கைத் தீர்மானிக்கிறது. செல்வந்தன் பதிவை இழந்தால் சட்டத்தரணியை அமர்த்துவான். ஏழை விவசாயி பதிவை இழந்தால் வயலையே இழப்பான். ஆகவே பதிவுகளின் சேமிப்பகம் பற்றிய கேள்வி, வர்க்கக் கேள்வியுமாகும். அதனைத் தொழினுட்பவியலாளரிடம் மட்டும் விட்டுவிட முடியாது.

சேமிப்பக முகாமைத்துவ மென்பொருள் என்றால் என்ன? பெரிய சேவையகமொன்றிலே பல வன்தட்டுகள் இருக்கும். அவற்றை ஒன்றுசேர்த்து ஒரே களஞ்சியமாக இயக்குவதும், எந்தத் தட்டு நலிவுறுகிறது என்று கவனிப்பதும், இடம் நிரம்புமுன் எச்சரிப்பதும், குறித்த வேளையிற் பிரதி எடுப்பதும் அம்மென்பொருளின் பணிகள். உலகின் சேவையகங்களுள் மிகப் பெருந்தொகையானவை இன்று லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமையிலேயே இயங்குகின்றன. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி, பின்னர் பல நாடுகளின் ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள் கைகோத்து வளர்த்த பொதுச் சொத்து அது.

லினக்ஸ் சேவையகத்திலே இத்தகைய மென்பொருளை நிறுவுவது அப்படியொன்றும் தவமிருந்து பெறவேண்டிய வித்தையன்று. பணிசெயல் முறைமையின் பதிப்புக்கு அது பொருந்துமா என்று பார்க்க வேண்டும். அது தங்கியிருக்கும் துணைப்பொதிகளை முதலில் இட வேண்டும். ரூட் என்னும் தலைமை அதிகாரத்தோடு நிறுவற் கட்டளையைக் கொடுக்க வேண்டும். பிற கணினிகளோடு பேசுவதற்குத் தீச்சுவரிலே வாயில் திறக்க வேண்டும். மின்சாரம் போய் வந்தாலும் தானே எழுந்து இயங்குமாறு அதனைச் சேவைப் பட்டியலிற் சேர்க்க வேண்டும். பழகிய கைக்கு இது அரைநாள் வேலை.

ஆனால் அந்த அரைநாளுக்குப் பின்னர்தான் உண்மையான கேள்விகள் பிறக்கின்றன. தட்டொன்று பழுதாகப் போகிறது என்று மென்பொருள் நள்ளிரவில் எச்சரித்தால், அச்செய்தி யாருடைய கைக்குப் போய்ச் சேரும்? தலைமைக் கடவுச்சொல் யாரிடம் உள்ளது? அவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் யாரிடம் இருக்கும்? எடுக்கப்பட்ட பிரதி எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? அந்தப் பிரதியிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்த்தவர் உண்டா? இவற்றுள் ஒன்றுக்கேனும் நிறுவற் கட்டளை விடை சொல்லாது.

நடப்பது என்ன? வெளியூரிலிருந்து இளைஞர் ஒருவர் வருகிறார், பெட்டியைப் பூட்டுகிறார், மென்பொருளை நிறுவுகிறார், கடவுச்சொல்லைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறுகிறார். மறுவாரம் நாடா வெட்டப்படுகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது, படம் எடுக்கப்படுகிறது. அதன்பின்னர் எச்சரிக்கை மின்னஞ்சல்கள் எவரும் திறவாத முகவரியொன்றிற் குவிகின்றன. பெட்டியின் முகப்பில் மஞ்சள் விளக்கு மாதக்கணக்கில் எரிகிறது. அலுவலக உதவியாளர் அதன்மீது துணியொன்றைப் போர்த்திவிடுகிறார்.

இந்த நிலையிலே இன்னுமொரு மூடநம்பிக்கையும் பரப்பப்படுகிறது. "இரண்டு தட்டுகளிலும் ஒரே தரவு பதிகிறது, ஆகையால் இழப்பு என்பதே இல்லை" என்கிறார்கள். றெயிட் எனப்படும் இந்த ஏற்பாட்டினால், ஒரு தட்டு பழுதானால் மற்றது வேலையைத் தொடரும் என்பது மெய். ஆனால் தவறான கட்டளையொன்றினால் ஒரு கோப்பு அழிந்தால் அது இரண்டிலும் அதே கணத்தில் அழியும். தீநிரல் பூட்டினால் இரண்டும் பூட்டுண்ணும். வெள்ளம் வந்தால் பெட்டியோடு இரண்டும் போகும். விதைநெல்லை இரண்டு மூடையாகக் கட்டி ஒரே களஞ்சியத்தில் அடுக்கிவிட்டு, மழைக்கும் எலிக்கும் அஞ்சத் தேவையில்லை என்று நிம்மதியாக உறங்கும் விவசாயி எமது வயல்வெளிகளிலே உண்டா? வயலிலே கடைப்பிடிக்கும் புத்தியைக் கந்தோரிலே கைவிடுவதேன்?

நாம் இல்லாத பூதத்தைக் காட்டி மிரட்டுவதாகச் சிலர் கூறலாம். அவர்கள் எமது நாட்டின் அண்மைய வரலாற்றையே ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். 2023 ஓகஸ்ற் மாத இறுதியிலே இலங்கை அரசின் மேகக் கணிமை, கப்பம் கோரும் தீநிரலொன்றினால் தாக்கப்பட்டது. அரச நிறுவனங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் அடங்கும். முறைமை பன்னிரண்டு மணித்தியாலத்தில் மீண்டும் எழுந்தது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ற் 26 வரையிலான மடல்களுக்குப் பிரதி இருக்கவில்லை. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட அரச கடிதத் தொடர்பு அழிந்தொழிந்தது! இயங்கிக் கொண்டிருந்ததோ, அவ்வாண்டு ஏப்பிரல் 11ஆந் திகதியே தயாரிப்பாளரான மைக்ரோசொப்ற்றின் ஆதரவு முடிவடைந்துவிட்ட 2013ஆம் ஆண்டுப் பதிப்பு மென்பொருள். புதிய பதிப்புக்கு மாறுவது பணப் பற்றாக்குறையினாலும் முன்னைய தீர்மானங்களினாலும் தாமதமானது என்று பொறுப்பான நிறுவனமே கூறியது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 2021இல், தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் இதே அரச மேகத்திலிருந்து அழிக்கப்பட்ட விவகாரம் நீதிமன்றம் வரை சென்றதையும் நாடு அறியும். முதலாவது அடியிலிருந்து பாடம் கற்றிருந்தால் இரண்டாவது அடி இவ்வளவு வலித்திருக்குமா?

வறிய நாட்டின் விதி இதுவென்று பெருமூச்சு விட்டு அமைவதற்கும் இடமில்லை. 2021 டிசெம்பரில், ஜப்பானின் கியோத்தோப் பல்கலைக்கழகத்து மீக்கணினியின் சேமிப்பகத்திலிருந்து 77 டெராபைற் அளவான ஆய்வுத் தரவு, ஏறத்தாழ 3 கோடி 40 இலட்சம் கோப்புகள், அழிந்தன. அழித்தது பகைவன் அல்லன். காப்பதற்கென்று வைத்த மென்பொருளே! முறைமையை வழங்கிய நிறுவனம், பிரதியெடுக்கும் நிரலைத் திருத்தியபோது, ஓடிக்கொண்டிருந்த கட்டளைத் தொகுப்பின் மீதே புதியதை எழுதிவிட்டது. பழைய குறிப்பேடுகளை மட்டும் நீக்கவேண்டிய கட்டளை, ஆய்வாளரின் கோப்புகளை நீக்கத் தொடங்கியது. பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிப்புற்றன. அவற்றுள் நான்கின் தரவுகளை மீட்கவே முடியவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை இது. பின்னர் 2025 செப்ரெம்பர் 26ஆந் திகதி தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரச தரவு நிலையத்திலே மின்கலத் தீ மூண்டது. அரச உத்தியோகத்தரின் கோப்புகளைத் தாங்கிய களஞ்சியமொன்று 858 டெராபைற் தரவோடு எரிந்து போனது. அளவு மிகப் பெரிதென்பதால் வெளியிடத்திலே அதற்குப் பிரதி வைக்கப்படவில்லையாம். உலகுக்கே நினைவகச் சில்லுகளை விற்கும் நாட்டின் கதை இது! பணமிருந்தால் மட்டும் தரவு பிழைக்காது என்பதை இவை பட்டவர்த்தனமாக எடுத்துக் காட்டுகின்றன.

அடுத்து, இம்மென்பொருள் யாருடைய உடைமை என்பதை நோக்குவோம். பெருநிறுவனங்கள் விற்கும் சேமிப்பக மென்பொருள்கள் பலவற்றின் உள்ளமைப்பை எவரும் பார்க்க முடியாது. குறித்த பதிப்பிலேயே ஓடும். குறித்த கருவியையே ஏற்கும். உரிமக் காலம் முடிந்தால் கதவைச் சாத்தும். உரிமையாளர் மாறினால் விதியும் மாறும். 2023 நவம்பரில் வீஎம்வெயார் நிறுவனத்தை வாங்கிய புரோட்கொம், அடுத்த மாதமே நிலையான உரிமங்களை விற்பதை நிறுத்தி, தவணைக்குத் தவணை பணம் கட்டும் முறையைத் திணித்தது. லினக்ஸ் உலகிலும் இந்த ஏகபோகக் கரம் நீளாமலில்லை. ரெட் ஹற் நிறுவனத்தின் அரவணைப்பிலிருந்த சென்ற் ஓஎஸ் 8 என்னும் இலவசப் பதிப்பை 2029 வரை நம்பலாம் என்றிருந்தவர்களிடம், அது 2021 டிசெம்பர் 31உடன் முடியும் என்று 2020 டிசெம்பரிற் சொல்லப்பட்டது. உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் அவசர அவசரமாக மாற வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்று உண்டு. வன்தட்டுகளை இணைக்க லினக்ஸோடு வரும் கருவிகளே உள்ளன. தட்டின் உடல்நிலையை அறிவிக்க ஸ்மார்ட்மொன்ரூல்ஸ் உண்டு. 1996இல் அன்ட்ரூ டிரிஜெல், போல் மக்கராஸ் ஆகியோர் ஆக்கிய ஆர்சிங்க், மாறிய பகுதிகளை மட்டும் தேர்ந்து தொலைவிலுள்ள கணினிக்கு அனுப்பும். 1993 முதல் தன்னார்வலர் சமூகமொன்றே நடத்திவரும் டெபியன் முறைமையில் இவையாவும் விலையின்றிக் கிடைக்கும். ஆனால் ஒன்றை நாம் ஒளிக்காது சொல்லியாக வேண்டும். விலையில்லாத மென்பொருள் உழைப்பில்லாத மென்பொருள் ஆகாது. மருதமுனையிலே தறியை இனாமாகக் கொடுத்தாலும், பாவோட்டி நெய்வதற்கு ஆளில்லாவிட்டால் ஒரு சாறனும் பிறவாது. உரிமத்துக்குக் கொட்டும் பணத்தின் ஒரு பங்கையாவது மனிதருக்குக் கொடுங்கள் என்பதே எமது வாதம்.

இங்கே சில ஆட்சேபங்கள் எழும். "எல்லாவற்றையும் அந்நியக் கம்பெனியின் மேகத்தில் ஏற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது" என்பது ஒன்று. அது சில வேளைகளில் நல்ல துணையாகலாம்; ஒரே துணையாகலாகாது. அதன் வாடகை டொலரிலே கட்டப்படுவது. 2022இல் டொலர் வற்றி, அந்நியக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்ததையும், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டதையும் இவ்வளவு விரைவில் மறந்துவிடலாமா? வாடகை தவறிய நாளில் ஊராரின் பதிவுகளுக்கு என்ன கதி?

"எம்மிடம் ஆளில்லை" என்பது மற்றொன்று. இதனை நாம் அடியோடு மறுக்கிறோம். ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது; சம்மாந்துறையிலே அதன் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிறது. சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் தகவல் தொடர்பாடற் கல்வி தமிழிலே புகட்டப்படுகிறது. கற்றுத் தேறிய எமது பிள்ளைகள் வேலை தேடிக் கட்டாருக்கும் கொழும்புக்கும் செல்கிறார்கள். ஆளில்லை என்பது பொய். அந்த ஆளுக்குப் பதவியும் இல்லை, சம்பளமும் இல்லை என்பதே மெய். பாடசாலைகளிலே இப்பொறுப்பு, கணினி தெரிந்த ஆசிரியரின் தலையில் மேலதிகச் சுமையாகக் கட்டப்படுகிறது. சுகாதாரக் கந்தோரிலே எழுதுவினைஞரின் தலையில் விழுகிறது. கூலியில்லா உழைப்பின் மீது பொதுமக்களின் நினைவைக் கட்டியெழுப்புவது சுரண்டலன்றி வேறென்ன?

"தமிழாசிரியர்களாகிய உங்களுக்கு இதிலே என்ன அக்கறை?" என்றும் கேட்பர். எமக்கன்றி வேறு யாருக்கு இருக்கும்? ஓலைச்சுவடி அழியுமுன் பெயர்த்தெழுதினால்தான் நூல் பிழைக்கும் என்பது தமிழ் கற்றோர் அறிந்த பாலபாடம். 1887இல் சி.வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையை அச்சேற்றினார் என்றால், அவருக்கு முன்னர் பல தலைமுறைகளாகப் பெயரறியா ஏடெழுதுவோர் சலியாது பெயர்த்தெழுதி வந்தனர் என்பதே அதன் பொருள். பெயர்த்தெழுதாத நூல்கள் பெயரளவில் எஞ்சின. 1981இலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சாம்பராயின. ஓலையின் ஆயுள் நூற்றாண்டுக் கணக்கு. வன்தட்டின் ஆயுளோ சில ஆண்டுகள். அப்படியானால் பெயர்த்தெழுதும் கடமை முன்னையிலும் பன்மடங்கு விரைவாகச் செய்யப்பட வேண்டியதல்லவா? நீலாவணனின் 'பாடும் மீன்', நுஃமானின் 'கவிஞன்' முதலிய கல்முனைச் சஞ்சிகைகளும், எமது மூதாட்டியரின் வாயில் வாழ்ந்த நாட்டார் கவிகளும் ஆங்காங்கே கணினியேறி வருகின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து எழுத்துகளைப் பொதுச் சொத்தாக்கி வருவது போற்றற்குரியது. ஆயினும் ஊரிலே பதிவுசெய்த கவியொன்று ஒருவர் வீட்டு ஒற்றைத் தட்டிலே கிடக்கும்வரை, அது காக்கப்பட்டதாகக் கொள்ள முடியாது.

மொழியும் இதிலே முக்கியமானது. 1987இன் பதின்மூன்றாவது திருத்தத்தினாலே தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் சேவையகத்தின் எச்சரிக்கை ஆங்கிலத்திலே வருகிறது. கைந்நூல் ஆங்கிலத்திலே கிடக்கிறது. "தட்டு பழுதாகும் தறுவாயில் உள்ளது" என்று தாய்மொழியிலே அறிவிப்பு வந்தால், அதனைப் படித்த எழுதுவினைஞர் பேசாதிருப்பாரா? விளங்காத எச்சரிக்கையை மூடிவிட்டு அடுத்த வேலைக்குப் போனவரைக் குற்றவாளியாக்குவது எளிது. அவருக்கு விளங்கும் மொழியில் எழுதி வைக்காதவரே குற்றவாளி.

எம்மால் முடியுமா என்று ஐயுறுவோருக்கு இந்நாட்டின் முன்மாதிரி ஒன்றையே காட்டுவோம். இதே ஆழிப்பேரலை அடித்த சில நாள்களுக்குள், இலங்கையின் மென்பொருள் உழைப்பாளிகள் தன்னார்வமாகத் திரண்டு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதியும் முறைமையொன்றை ஆக்கினர். 'சஹானா' என்று பெயரிட்டு, எவரும் எடுத்தாளும்படி அதனைத் திறந்துவிட்டனர். 2005இல் பாகிஸ்தானின் பூகம்பத்தின்போது அது அங்கும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய, சமூகப் பயன்மிக்க திட்டத்துக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் விருதையும் பெற்றது. இடர் வந்தபின் சில நாள்களில் இத்தனை செய்ய முடிந்த நாட்டிலே, இடர் வருமுன் ஒரு பிரதியை மலையகத்திலே வைப்பதற்கு முடியாதா?

ஆகவே நாம் கோருவது இதுதான். பொதுநிறுவனம் எதுவாயினும், சேமிப்பகத்தை வாங்கும் அன்றே ஐந்தாண்டுப் பராமரிப்புக்கான பணத்தையும், சம்பளத்தோடு கூடிய பொறுப்பாளரையும் ஒதுக்க வேண்டும். எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எவ்வாறு நிறுவப்பட்டது, எவ்வாறு மீட்பது என்பவற்றைத் தமிழிலே எழுதிய ஏடொன்று அலுமாரியில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் மாறும்போது அதுவும் கையொப்பத்தோடு கைமாற வேண்டும். ஒரு பிரதி சேவையகத்தோடு இணையாது தனித்திருக்க வேண்டும். இன்னொன்று கடலுக்கு எட்டாத ஊரிலே இருக்க வேண்டும். கடற்கரை வீதியிலுள்ள கட்டடத்தின் பிரதியை அடுத்த வீதியில் வைப்பது தன்னைத்தானே ஏமாற்றும் செயல். தவணைக்கு ஒருமுறை, மக்களின் பிரதிநிதிகள் முன்னிலையில், பிரதியிலிருந்து தரவை மீட்டுக் காட்ட வேண்டும். மீட்டுக் காட்டாத பிரதியை நாம் பிரதியாக ஏற்க மாட்டோம்.

அடுத்த முறை உங்கள் ஊர்ச் சபையிலோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலோ, பள்ளிவாசல் நிருவாகத்திலோ கணினித் திறப்பு விழாவுக்கு அழைப்பு வந்தால் தவறாது செல்லுங்கள். நாடா வெட்டி முடிந்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: "சென்ற மாதத்துப் பதிவொன்றை இப்போது மீட்டுக் காட்டுவீர்களா?" விடை வரும்வரை கேட்டுக்கொண்டேயிருங்கள். அங்கே கிடப்பது உங்கள் காணியின் இலக்கம். உங்கள் பிள்ளையின் பெறுபேறு. உங்கள் தாயாரின் நோய்க் குறிப்பு. அதனைக் கேட்கும் உரிமை உங்களுக்குண்டு.